எதிரே வருபவருக்கும் கண் உண்டு

என் தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். கிளிஞ்சல்மேட்டுக் கரையில், இருட்டில் பீடி பற்ற வைக்கும்போது ஒரு கண்ணை இறுக மூடிக்கொள்வார். "ஏன் தாத்தா கண்ணடிக்கிறீங்க?" என்று கேட்டுச் சிரிப்பேன். "ஒரு கண்ணாவது இருட்டுல பழகினபடியே இருக்கட்டும்டா. ரெண்டையும் கெடுத்துட்டா அலையை எப்படிப் பாக்குறது?" என்பார். பள்ளிக்கூடம் போகாத அவர் சொன்னதன் பொருள், கல்லூரியில் விழியைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

வெளிச்சம் மிகுந்தால் கண்ணின் பாவை சுருங்கும், குறைந்தால் விரியும். இதை எல்லோரும் அறிவோம். ஆனால் பாவையின் விட்டம் சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரைதான் மாற முடியும். அதனால் உள்ளே புகும் ஒளி 16 மடங்கு கூடலாம், அவ்வளவே. நடுப்பகல் வெயிலுக்கும் நட்சத்திர ஒளிக்கும் உள்ள வேறுபாடோ ஏறத்தாழ 10 கோடி மடங்கு! மீதி வேலையைச் செய்வது விழித்திரை. அங்கே சுமார் 60 லட்சம் கூம்பு செல்களும் 12 கோடி கோல் செல்களும் உள்ளன. கூம்பு செல்கள் பகலுக்கும் நிறங்களுக்கும் உரியவை. கோல் செல்கள் மங்கிய ஒளிக்கு உரியவை. அவை நிறம் அறியா.

கோல் செல்களில் ரோடாப்சின் என்னும் நிறமி இருக்கிறது. வைட்டமின் 'ஏ'யிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் அதன் உறுப்பு. கீரை, பால், மீன் எண்ணெய் ஆகியவை கிட்டாத குழந்தைகளுக்கு மாலைக்கண் வருவது இதனால்தான். பலத்த ஒளி பட்டால் ரோடாப்சின் நொடியில் சிதைகிறது. இருட்டில் மெல்ல மெல்ல மீண்டும் கூடுகிறது. முழுமையாகக் கூட அரைமணி நேரத்துக்கு மேல் ஆகலாம். ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே பழகுவதால்தான் தாத்தாவின் உபாயம் பலித்தது. கெடுப்பது நொடி, மீள்வது நெடுநேரம் என்பதே நாம் நினைவில் கொள்ள வேண்டிய பாடம்.

இந்தப் பாடத்தைக் காரைக்கால்–நாகூர் சாலையில் இரவு ஏழு மணிக்கு நின்று பாருங்கள். லாரி, பேருந்து, கார், நம் தோழர்களின் மோட்டார் சைக்கிள் எல்லாமே விளக்கை உயர்த்தியபடி பாய்ந்து வருகின்றன. எல்.இ.டி. விளக்கின் வெள்ளொளி கண்ணில் குத்துகிறது. வண்டி கடந்து போன பிறகு சில விநாடிகள் முன்னே ஒன்றும் தெரிவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் மூன்று விநாடியில் 50 மீட்டர் கடந்துவிடுகிறார். அந்த 50 மீட்டரையும் அவர் குருடராகவே கடக்கிறார் என்றால் மிகையாகுமா? வயது முதிர்ந்தவருக்கும் கண்புரை உள்ளவருக்கும் கூச்சம் இன்னும் அதிகம். கண் தெளியவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அந்த 50 மீட்டரில் யார் இருக்கிறார்கள்? ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதையொட்டி காவியுடுத்த பக்தர்கள் நம் ஊர் வழியாகக் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர் பலர். கோல் செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாக எட்டாது. அந்தி மங்கும் வேளையில் செம்பருத்திப் பூ கறுத்து, அதன் இலை மட்டும் வெளிறித் தெரிவதை வீட்டுத் தோட்டத்திலேயே காணலாம். செம்மை கலந்த காவித் துணியும் இருட்டோடு இருட்டாகிவிடும். தோளில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தாலே அவர்கள் சற்று முன்னதாகத் தெரிவார்கள்.

"எதிரே வருபவன் விளக்கைத் தாழ்த்துவதில்லை, நான் மட்டும் ஏன் தாழ்த்த வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் நம் விளக்கால் கண் கூசியவர் எங்கே வந்து மோதுவார்? நம்மீதுதானே! அவரும் குருடர், நாமும் குருடர் என்றால் அந்தச் சாலையில் பார்வையுள்ளவர் எவர்? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் பிறர் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கை அனுமதிப்பதில்லை. முன்பெல்லாம் பேருந்து, லாரி விளக்குகளின் நடுவில் கறுப்பு மை பூசியிருப்பார்கள். அந்தக் கறுப்புப் பொட்டு போய்விட்டது. அதை வைத்த எண்ணமாவது நம்மிடம் இருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிய தியாகம் அன்று. எதிரே வண்டி வந்தால் இடது கட்டைவிரலால் விளக்கைத் தாழ்த்துங்கள். அவர் தாழ்த்தாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்; அவர் விளக்கைப் பாராமல் சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள். திருவிழா நாட்களில் நம் மாணவர்கள் சாலையோரம் நின்று, நடந்து போகும் பக்தர்களுக்கு ஒளியைத் திருப்பும் பட்டை ஒட்டிய துணிகளைக் கொடுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு இதைவிட நல்ல வேலை வேறு என்ன?

தாத்தா இப்போது கடலுக்குப் போவதில்லை. மாலையில் கடைத்தெருவுக்கு நடந்து போகிறார். வண்டி வெளிச்சம் முகத்தில் அடித்தால், அதே பழக்கத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அப்படியே ஓரமாக நின்றுவிடுகிறார். நண்பர்களே, இன்று மாலை நீங்கள் வீடு திரும்பும் வழியில் அப்படி ஒரு முதியவர் நின்றால், விளக்கைத் தாழ்த்துங்கள். அவர் என் தாத்தாவாகவும் இருக்கலாம்; உங்கள் தாத்தாவாகவும் இருக்கலாம்.