சித்திரம் படித்த பிள்ளை மண்ணைப் படிக்கக்கூடாதா?



உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஆசிரியர்களான எங்களிடம் வரும் பெற்றோர் சிலர் கேட்பது: "சேர், இவன் சித்திரம் எடுத்தவன். இப்ப மண், தண்ணி, வரைபடம் படிக்கப் போறானாம். சரிவருமா?" கல்யாண வீடியோ எடிட்டிங், டிசைன் என்று சில வருடம் உழைத்த இளைஞர்களும் இதையே கேட்கிறார்கள். ஊரில் சிலருக்கு இது பகிடி.

ஆனந்த குமாரசுவாமி கொழும்பில் பிறந்த தமிழர். லண்டனில் புவிச்சரிதவியல் படித்து, 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைக்கு முதல் பணிப்பாளரானவர். தோரியனைட் என்ற கனிப்பொருளைக் கண்டறிந்தவர். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர், கைவினைகள் அழிவதைக் கண்டு கலைப்பக்கம் திரும்பினார். அவரை மேதை என்கிறோம். எதிர்ப்பக்கமாக நடக்கிற நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் சிரிப்பு?

அப்படி எதிர்ப்பக்கமாக நடந்தவர் அமெரிக்கப் பெண்மணி மேரி தார்ப். 1943இல் ஆங்கிலமும் இசையும் படித்துப் பட்டம் பெற்றார். ஆண்கள் யுத்தத்துக்குப் போனதால் பெண்களுக்குத் திறந்த புவிச்சரிதவியல் வகுப்பில் சேர்ந்தார். பிறகு கணிதப் பட்டமும் எடுத்தார். இதை எங்கள் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை மையால் வரைந்து வரைந்து, 1952 அளவில் அத்திலாந்திக்கின் நடுவே நீண்ட பிளவுப் பள்ளத்தாக்கைக் கண்டார். கூட வேலை செய்தவரே முதலில் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளினார். பின்னர் கண்டத்தட்டுகள் நகர்கின்றன என்பதற்கு அதுவே பெரிய சான்றாயிற்று. நம் இந்து சமுத்திரத்தின் அடித்தள வரைபடமும் அவர்கள் உழைப்பில் 1967இல் வந்தது. 2004இல் அந்தத் தட்டுகள் என்ன செய்யும் என்று நாங்கள் பார்த்தோம்.

நம் வாவிக்கும் ஆள் தேவை. மாரி வந்தால் முகத்துவாரத்தை வெட்டு என்பார் வயல்காரர், பொறு என்பார் மீன்காரர். மணல் எங்கே சேருகிறது, எவ்வளவு தண்ணீர் ஏறினால் எந்த வட்டை மூழ்கும் என்று வரைந்து காட்ட நம் ஊர்ப்பிள்ளை இருந்தால் வாய்த்தர்க்கம் குறையும். போட்டோஷாப்பில் லேயர் மேல் லேயர் வைத்துப் பழகியவனுக்கு ஜிஐஎஸ் மென்பொருள் அந்நியமாகத் தெரியாது.

ஆனால் ஆசை காட்டி ஏமாற்றக்கூடாது. கலைப்பிரிவில் படித்தவருக்குப் பேராதனைப் புவிச்சரிதவியலுக்கு நேர்வழி இல்லை. இருக்கிற வழி புவியியல். அது கலைப்பிரிவுப் பாடம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பட்டத்துக்குப் படிக்கலாம். புள்ளிவிபரக் கணக்கு கட்டாயம் வரும். கணக்கென்றால் ஓடுகிற பிள்ளை இப்போதே யோசிக்கட்டும்.

"கரையிலும் வெயிலிலும் நிற்கிற வேலை, பொம்புளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறார்கள். மேரி தார்ப்பைப் பல வருடம் ஆய்வுக் கப்பலில் ஏறவே விடவில்லை. மேசையில் இருந்தே சமுத்திரத்தை வரைந்தார். நம் பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. பாலமீன்மடுவில் அளக்கப் போகும்போது வாப்பாவும் கூடப் போகலாமே, தூண்டிலையும் எடுத்துக்கொண்டு.