மீனா அழுவாளா என்பதை யார் எழுதுவது?

1845 ஜூன் கடைசியில் இங்கிலாந்தின் யார்க் நகருக்கு இரண்டு சகோதரிகள் சுற்றுலா போனார்கள். அக்காவுக்கு 26 வயது, தங்கைக்கு 25. அந்தப் பயணத்தில் அவர்கள் தாங்களாக மட்டும் இருக்கவில்லை. சிறுவயதில் தாங்களே கற்பனை செய்த கோண்டல் என்ற தீவு நாட்டின் மனிதர்களாகவும் மாறிக்கொண்டார்கள். குடியரசுப் படையிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த அரச பக்கத்தாரோடு சேரத் தப்பி ஓடும் பாத்திரங்கள் அவை. அடுத்த மாதம் அக்கா தன் நாட்குறிப்பில் அந்தப் பாத்திரங்களின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தார். அக்கா எமிலி ப்ராண்டே, தங்கை ஆன். இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1847 டிசம்பரில், எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலும் ஆனின் ‘ஆக்னஸ் கிரே’ நாவலும் ஒன்றாக வெளிவந்தன.

ரோல்பிளே எழுத்து என்று இன்றைய இளைஞர்கள் சொல்வது ஏறக்குறைய இதுதான். ஒருவர் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் வேறொன்றை. முதலாமவர் ஒரு பத்தி எழுதி அனுப்புகிறார். இரண்டாமவர் தன் பாத்திரம் என்ன செய்தது, என்ன சொன்னது என்று பதில் பத்தி எழுதுகிறார். கதை அப்படியே நகர்கிறது. முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. டிஸ்கார்ட், டெலிகிராம், மின்னஞ்சல் என்று எதில் வேண்டுமானாலும் நடக்கும்.

பெற்றோர் பலருக்கும் ஆசிரியர் பலருக்கும் இது செல்போனில் பொழுதைக் கழிக்கும் இன்னொரு வழியாகத்தான் தெரிகிறது. ஆனால் எழுதப் பழக விரும்பும் ஒருவருக்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது கடினம். தனியாகக் கதை எழுதுபவருக்கு வாசகர் என்றோ ஒருநாள் வரலாம், வராமலும் போகலாம். இங்கே வாசகர் அன்றிரவே காத்திருக்கிறார். எழுதியது அவருக்குப் புரியாவிட்டால், வரும் பதிலே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சலிப்பூட்டினால் பதில் சுருங்கிவிடும். இவ்வளவு சீக்கிரம் உண்மை சொல்லும் விமர்சகர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் மொழிநடையை நினைத்தே பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. அவர்கள் முதலில் தடுக்கி விழுவது வேறு இடத்தில்.

ஓர் எடுத்துக்காட்டு. குமரன் என்ற பாத்திரத்தை ஒருவர் எழுதுகிறார், மீனாவை இன்னொருவர். குமரனை எழுதுபவர் இப்படி அனுப்புகிறார்: “குமரன் கதவைத் தள்ளித் திறந்தான். அவனைக் கண்டதும் மீனா வெலவெலத்துப் போனாள். கடிதத்தை அவன் நீட்டியதும் அழுதபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.” படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீனாவை எழுதுபவருக்கு இனி என்ன வேலை? வெலவெலத்ததும் அழுததும் ஒப்புக்கொண்டதும் முடிந்துவிட்டன. அவருடைய பாத்திரத்தை அவரிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது.

அதையே இப்படி எழுதலாம்: “குமரன் கதவைத் தள்ளித் திறந்தான். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.” இப்போது மீனா அழலாம். சிரிக்கலாம். கடிதத்தைத் தொடாமலே அடுக்களைக்குப் போய் உலையில் அரிசி போடலாம். அந்தக் கையெழுத்து தன்னுடையது இல்லை என்று சாதிக்கலாம். குமரனை எழுதுபவர் நினைத்தே பார்க்காத ஒன்று நடக்கும் வாய்ப்பு திறந்திருக்கிறது. இந்த எழுத்தின் இன்பம் முழுவதும் அந்த வாய்ப்பில்தான் இருக்கிறது.

இந்த உலகில் பழகியவர்கள் முதல் வகைத் தவறை ‘காட்மோடிங்’ என்கிறார்கள். தன் பாத்திரத்தை யாராலும் வெல்ல முடியாதவனாக எழுதுவதும், அடுத்தவர் பாத்திரத்தை அவர் அனுமதியில்லாமல் ஆட்டிவைப்பதும் இதில் அடங்கும். சண்டைக் காட்சியில் “வாளை அவன் தோளை நோக்கி வீசினான்” என்பது முறை. “அவன் தலை உருண்டது” என்பது முறையல்ல. வீச்சு பட்டதா என்பதை அடி வாங்குபவர்தான் எழுத வேண்டும். அதேபோல, எழுதுபவருக்குத் தெரிந்த ரகசியம் பாத்திரத்துக்கும் தெரிந்துவிட்டதுபோல் எழுதுவது ‘மெட்டாகேமிங்’. மீனா தனியறையில் நினைத்துக்கொண்டதைக் குமரனை எழுதுபவர் படித்திருப்பார். குமரனுக்கு அது தெரியாது.

இதெல்லாம் சின்ன மரியாதை விஷயம் என்று தோன்றலாம். அப்படியல்ல என்பதற்கு ஒரு பழைய வழக்கு உண்டு.

எழுத்திலேயே நடக்கும் இணைய உலகங்கள் 1978இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கின. ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கிய ‘மட்’ என்ற விளையாட்டு அது. படம் கிடையாது. அறை, கதவு, மனிதர் எல்லாமே சொற்கள். அந்த வழியில் வந்ததுதான் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய ‘லாம்ப்டாமூ’. அங்கே ஒருநாள் ‘மிஸ்டர் பங்கிள்’ என்ற பாத்திரத்தின் பின்னால் இருந்தவர், மற்றவர்களுடைய பாத்திரங்கள் செய்வதுபோலவே வாக்கியங்களைத் திரையில் தோன்றவைக்கும் ஒரு நிரலைப் பயன்படுத்தினார். பொது அறையில், எல்லார் கண்ணெதிரிலும், சில பாத்திரங்கள்மேல் பாலியல் வன்முறையை எழுதினார். அந்தப் பாத்திரங்களுக்கு உரியவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை.

எழுத்துதானே, திரையை அணைத்தால் முடிந்தது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் நடந்ததைப் பற்றி எழுதும்போது கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்ததாகப் பத்திரிகையாளர் ஜூலியன் டிபெல் பதிவு செய்தார். அவருடைய நீண்ட கட்டுரை 1993 டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழில் வந்தது. கூட்டம் போட்டு விவாதித்தார்கள். கடைசியில் அந்தப் பாத்திரம் நீக்கப்பட்டது. மனு கொடுத்து வாக்கெடுப்பு நடத்தி விதிகளை வகுக்கும் முறையை கர்ட்டிஸ் கொண்டுவந்தார். இன்று பல குழுக்களின் வாசலில் தொங்கும் ‘அடுத்தவர் பாத்திரத்தை நீங்கள் எழுதக் கூடாது’ என்ற விதிக்குப் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட வலிதான். புதியவர்கள் அதைச் சடங்காகப் படித்துக் கடந்துவிடக் கூடாது.

தமிழருக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. தென்மாவட்டங்களில் கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, பபூன் வேறோர் ஊரிலிருந்து. தனித்தனியாக ஒப்பந்தம் ஆனவர்கள். ஒத்திகை இல்லை. இரவு மேடையில்தான் சந்திப்பு. ஆனால் ‘வள்ளி திருமணம்’ விடியும்வரை நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக்கொடுத்த கதையும் பாட்டும் எல்லாருக்கும் தெரியும். இடையில் வரும் தர்க்கத்தில் நாரதர் என்ன கேட்பார் என்பது வள்ளிக்கு முன்கூட்டித் தெரியாது, வள்ளி என்ன திருப்பிக் கேட்பாள் என்பது நாரதருக்கும் தெரியாது. எதிராளி பதில் சொல்ல இடம் விட்டுக் கேள்வி கேட்பவரே அங்கே நல்ல நடிகர். இணையத்தில் பத்தி எழுதி அனுப்புபவருக்கும் வேண்டியது அதே பண்பு.

தமிழில் எழுதத் தொடங்குபவர்கள் முதல் வரிக்கு முன்பே பேசி முடிவெடுக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இந்தக் கவலை இந்த அளவுக்கு இல்லை. குமரனை எழுதுபவர் அவனை ‘அவன்’ என்று சொல்லிக்கொண்டிருக்க, மீனாவை எழுதுபவர் குமரனை ‘அவர்’ என்று எழுதினால் கதை இரண்டு துண்டாகிவிடும். கதை சொல்லும் பகுதி எழுத்து வழக்கா, பேச்சு வழக்கா? உரையாடல் எந்த வட்டாரம்? மீனா முதல் சந்திப்பில் “வாங்க” என்கிறாளா, “வா” என்கிறாளா? அந்த ஒரு சொல்லில் வயது, உறவு, பழைய சினேகம், மனக்கசப்பு எல்லாம் தெரிந்துவிடும். நடுக்கதையில் ‘நீங்க’ என்பது ‘நீ’யாக மாறும் இடம் ஒரு முழு அத்தியாயத்தின் வேலையைச் செய்யும். இந்தச் செல்வம் கையில் இருக்கும்போது, தமிழ் இளைஞர்கள் பலர் ரோல்பிளே என்றாலே ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று நினைப்பது வருத்தத்துக்குரியது.

எப்படித் தொடங்குவது? ஐம்பது பேர் இருக்கும் குழுவில் போய் நிற்பதைவிட, ஒரே ஒரு துணையோடு தொடங்குவது நல்லது. அதிலும் எளிய வடிவம் கடிதம். அமெரிக்க எழுத்தாளர்கள் பட்ரீஷியா ரீடியும் கரோலைன் ஸ்டீவர்மரும் ‘கடித விளையாட்டு’ ஒன்றை விளையாடினார்கள். ஒருவர் கிராமத்தில் இருக்கும் பெண்ணாக எழுத, மற்றவர் லண்டனில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரியாகப் பதில் எழுதினார். கதை எங்கே போகப்போகிறது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது விதி. அந்தக் கடிதங்கள் திருத்தப்பட்டு 1988இல் ‘சார்சரி அண்ட் சிசிலியா’ என்ற நாவலாக வந்தன.

கடித வடிவத்தின் பெரிய உதவி, அதில் அடுத்தவர் பாத்திரத்தைத் தொடவே முடியாது என்பது. கடிதத்தில் தன்னைப் பற்றித்தான் எழுத முடியும். எதிராளியிடம் கேள்விதான் கேட்க முடியும். முதல் கடிதத்தில் யார் எழுதுகிறார், எங்கிருந்து, ஏன் இவருக்கு எழுதுகிறார் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். கூடவே பதில் கேட்கும் ஒரு முடிச்சு வேண்டும். வீட்டை விற்கப்போகிறார்கள் என்ற செய்தி, திருப்பிக் கொடுக்காத நகை, யாரோ பார்த்ததாகச் சொன்ன ஒரு முகம். பாத்திரத்தின் முழு வரலாற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை. குறை ஒன்று, ஆசை ஒன்று, மறைக்கும் விஷயம் ஒன்று இருந்தால் பாத்திரம் நடக்கத் தொடங்கிவிடும்.

துணை எழுத்தாளர் ஒருநாள் காணாமல் போவார். தேர்வு வரும், வேலை மாறும், ஆர்வம் தீரும். புதியவர்கள் இதைத் தங்கள் எழுத்துக்குக் கிடைத்த தீர்ப்பாக எடுத்துக்கொண்டு ஒடிந்துபோகிறார்கள். ‘எக்ஸ்பான்ஸ்’ நாவல் வரிசை பிறந்த கதை இங்கே உதவும். டை ஃபிராங்க் உருவாக்கிய அந்த உலகம், நாவலாவதற்கு முன்பு இணையத்தில் பத்தி பத்தியாக எழுதி ஆடிய விளையாட்டாக இருந்தது. ஆட்டத்தில் ஷெட் என்ற பாத்திரத்தை எழுதியவர் விலகிப்போனார். ஷெட் கதையில் கொல்லப்பட்டான். பிறகு ஃபிராங்க், டேனியல் ஏபிரகாமோடு சேர்ந்து எழுதி 2011இல் வெளியான முதல் நாவலிலும் அந்தத் திடீர் மரணம் இடம்பெற்றது. ஒருவர் விலகியதைக் கதைக்குள் வாங்கிக்கொள்ள வழி இருந்தது. ஆனாலும், நிறுத்த விரும்புபவர் ஒரு வரி சொல்லிவிட்டுப் போவதுதான் நாகரிகம்.

எழுதியதை அவ்வப்போது தனிக் கோப்பில் சேமிப்பதும் அவசியம். 2009இல் யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீஸ் தளத்தை மூடியது. 2019, 2020இல் யாஹூ குழுமங்களும் போயின. அவற்றோடு எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து எழுதிய கதைகளும் போயின. ப்ராண்டே சகோதரிகளின் கோண்டல் உரைநடைக் கதைகளே இன்று கிடைக்கவில்லை. கவிதைகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் எந்தச் சிறுவரையும் இதற்குள் அழைப்பது பொறுப்பற்ற செயல். பாத்திரம் பேசுவதும் எழுதுபவர் பேசுவதும் தனித்தனி இடத்தில் நடக்க வேண்டும். பாத்திரத்துக்கு வெளியே பேசுவதை ‘ஓ.ஓ.சி.’ என்று குறிப்பார்கள். பெரும்பாலான குழுக்களில் அதற்கென்று தனி அறையே இருக்கும். குமரன் மீனாவைக் காதலிப்பதாக எழுதுபவர், மீனாவை எழுதும் பெண்ணைக் காதலிப்பதாக நினைத்துக்கொள்வதுதான் பெரும்பாலான விபரீதங்களின் தொடக்கம். பதினெட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் தங்கள் வயதையொத்தவர்களோடு, முடிந்தால் நேரில் தெரிந்தவர்களோடு எழுதட்டும். வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகக் கைபேசி எண் எல்லார் கண்ணிலும் படும் என்பதால் முன்பின் அறியாதவர்களோடு எழுத அது ஏற்றதல்ல. படம் கேட்பவர், ஊர் கேட்பவர், “இதை வீட்டில் சொல்லாதே” என்பவர் யாராக இருந்தாலும், கதை எவ்வளவு நன்றாகப் போனாலும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வயது வந்தவர்களுக்கும் ஒரு முன்பேச்சு தேவை. விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் வகுத்த ‘கோடும் திரையும்’ என்ற முறை இதற்கு எளிய வழி. கதைக்குள் வரவே கூடாதவை கோட்டுக்கு அப்பால். நடக்கலாம், ஆனால் விவரிக்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விட வேண்டியவை திரைக்குப் பின்னால். தற்கொலை, சாதி வன்முறை, குழந்தைக்கு நேரும் தீங்கு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். காரணம் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்வதுதான் முறை.

மனிதத் துணையே வேண்டாம், செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு ரோல்பிளே எழுதிக்கொள்ளலாம் என்று சிலர் போகிறார்கள். வெட்கம் தெளியும்வரை பழகிக்கொள்ள அது உதவலாம். ஆனால் குமரன் என்ன எழுதினாலும் இணங்கிப்போக முனையும் மீனா அங்கே கிடைப்பாள். தலை உருண்டது என்று எழுதினால் பெரும்பாலும் உருண்டுவிடும். அவளுக்குச் சலிப்பு வராது, கோபம் வராது, பதில் எழுதாமல் இருக்கும் உரிமையும் கிடையாது. அடுத்தவருக்கு இடம் விடும் பழக்கம் அங்கே வளர வழியில்லை.

இதைத் தமிழ் வகுப்புகளுக்குள் கொண்டுவர யாரும் புதுப் பாடத்திட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளிகளில் கடிதம் எழுதும் பயிற்சி ஏற்கெனவே இருக்கிறது. விடுப்பு விண்ணப்பத்தையும் வாழ்த்து மடலையும் ஆண்டுதோறும் எழுதவைக்கும் ஆசிரியர், ஒரு பருவம் மட்டும் மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்து, ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து, வாரம் ஒரு கடிதம் எழுதச் சொல்லிப் பார்க்கலாம். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமென்றால், நடைக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, எந்தக் கடிதத்துக்கு நல்ல பதில் வந்தது என்று பார்த்து மீதியைக் கொடுக்கலாம்.