இறந்தவர் குரலும் இருப்பவர் பொறுப்பும்

பீட்டில்ஸ் இசைக்குழு 1970இல் கலைந்தது. அதன் நால்வரில் ஜான் லெனன் 1980இல் சுட்டுக் கொல்லப்பட்டார்; ஜார்ஜ் ஹாரிசன் 2001இல் புற்றுநோயால் மறைந்தார். ஆயினும், நால்வரின் பங்களிப்பும் கொண்ட ‘நவ் அண்ட் தென்’ என்ற பாடல் 2023 நவம்பரில் வெளியாகி, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் கிராமி விருதும் பெற்றது. முதிய ரசிகர்களின் பழைய நினைவு என்று இதைக் கடந்துவிட முடியாது. இறந்த கலைஞரின் குரலை இருப்பவர்கள் எந்த அளவுக்குக் கையாளலாம் என்ற கேள்வியை இப்பாடல் எழுப்புகிறது.

1970களின் பிற்பகுதியில் லெனன் தம் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடிப் பதிந்துவைத்த பாடல் இது. அந்த ஒலிநாடாவை 1994இல் அவருடைய மனைவி யோகோ ஓனோ, பால் மெக்கார்ட்னியிடம் ஒப்படைத்தார். அவ்வாறு கிடைத்தவற்றில் இரண்டு பாடல்களை எஞ்சிய மூவரும் முடித்து வெளியிட்டனர். இது மட்டும் கைவிடப்பட்டது. பியானோ ஒலியில் குரல் அமிழ்ந்து கிடந்தது; மின் இரைச்சலும் கலந்திருந்தது. அன்றைய கருவிகளால் அவற்றைப் பிரிக்க இயலவில்லை.

இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, 2021இல் வெளியான ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருள் அந்தத் தடையை நீக்கியது. மனிதக் குரல் எது, கருவியின் ஒலி எது என்று இனங்காணப் பயிற்றுவிக்கப்பட்ட அது, லெனனின் குரலைத் தனியே பிரித்தெடுத்தது. 1995இல் ஹாரிசன் வாசித்திருந்த கிதாரும் பயன்பட்டது. மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் புதிதாக வாசித்தனர்.

செயற்கை நுண்ணறிவு என்ற சொல் அடிபட்டதும், லெனனின் குரலே போலியாகச் செய்யப்பட்டதோ என்ற ஐயம் பரவியது. எதுவும் செயற்கையாக உருவாக்கப்படவில்லை என்று மெக்கார்ட்னி விளக்க நேர்ந்தது. இந்த வேறுபாடு முக்கியமானது என்றே கருதுகிறேன். மங்கிய கல்வெட்டைத் துலக்கிப் படிப்பது ஒன்று. அதில் இல்லாத வரியைப் பொறிப்பது வேறொன்று. இங்கே நடந்தது முதலாவது.

எனினும், துலக்குவதோடு பணி நின்றுவிடவில்லை. லெனன் பாடியிருந்த ஒரு பகுதி நீக்கப்பட்டது. வயலின் முதலிய நரம்பிசைக் கருவிகள் சேர்க்கப்பட்டன. நீக்கியவர் அவருடைய நெடுநாள் தோழர், வாரிசுகளும் இசைந்தனர். ஆனாலும், முடிக்காமல் விட்டுச்சென்றவரின் ஒப்புதலை இனி யாரும் பெற முடியாது. சட்டம் வாரிசுகளுக்கு உரிமையைத் தரலாம். படைத்தவரின் மனத்தைத் தர இயலாது.

தமிழ்த் திரையிசையோ இதைவிட ஒருபடி மேலே சென்றுவிட்டது. 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்கள் 2024இல் வெளியான ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக மென்பொருளால் உருவாக்கப்பட்டன. அவர்கள் ஒருபோதும் பாடியிராத பாடல் அது. குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாகவும் உரிய ஊதியம் வழங்கியதாகவும் இசையமைப்பாளர் ஏ.ஆர்.ரஹ்மான் தாமே அறிவித்தார். வரவேற்கத்தக்க நடைமுறை. ஆனால், அது தனிமனித நேர்மையைச் சார்ந்திருக்கிறது. எல்லோரும் அவ்வாறே நடப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

எனவே, இரண்டு ஏற்பாடுகள் தேவை. தம் குரலை இறப்புக்குப் பின் எவ்வாறு பயன்படுத்தலாம், பயன்படுத்தவே கூடாதா என்பதைக் கலைஞர்கள் வாழும்போதே எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும். அடுத்து, இத்தகைய பாடல் வெளியாகும்போது அதில் எது அசல், எது நீக்கப்பட்டது, எது உருவாக்கப்பட்டது என்பதை வெளியிடுவோர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். பழைய குரல் மீண்டும் ஒலிக்கையில் கண்கலங்கும் ரசிகருக்கு, தாம் கேட்பது யாருடைய குரல் என்று அறியும் உரிமை உண்டு.