செம்பு படியாத தோட்டாவைக் கேட்போம்

ரைஃபிள் குழலுக்குள் செம்பு படிந்து குறி தவறினால், குழலை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று சுடுபவரைக் குறைசொல்வதே வழக்கமாக இருக்கிறது. இது நியாயமல்ல. கோளாறின் வேர் தோட்டாவில் இருக்கிறது. தடுக்கும் பொறுப்பும் முதலில் அதைச் செய்பவருக்கே உரியது. அமெரிக்க ராணுவம் பட்ட பாடே இதற்குச் சான்று. 1906-இல் அது ஏற்றுக்கொண்ட தோட்டாவின் குண்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. ஈயக் குண்டின் மேலுறை செம்பும் நிக்கலும் கலந்தது. அந்த வேகத்தில் உறை உரசி, குழலின் முனைப்பக்கம் உலோகம் கட்டிகட்டியாக அப்பிக்கொண்டது. கம்பியும் துணியும் போட்டுத் தேய்த்தாலும் அசையாது. காரமான அம்மோனியாக் கரைசலை ஊற்றி ஊறவைக்க வேண்டும். அது உள்ளேயே காய்ந்துவிட்டால் எஃகு அரித்துப்போகும்.

பலர் குண்டில் கிரீஸ் தடவிச் சமாளித்தார்கள். 1921 தேசியப் போட்டிக்கு பிலடெல்பியாவின் ஃபிராங்ஃபோர்டு ஆயுதச்சாலை வெள்ளீயம் பூசிய குண்டுகளைச் செய்துகொடுத்தது. படிவு குறைந்தது உண்மை. ஆனால் நாளாக ஆக வெள்ளீயம் தோட்டாவின் பித்தளைக் கூட்டின் கழுத்தோடு இறுகப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் கிரீஸும் சேர்ந்தபோது கழுத்து விரிய இடமின்றி, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. மறு ஆண்டே நிக்கலைக் கைவிட்டு, செம்போடு சிறிது துத்தநாகம் கலந்த உறை வந்தது. கட்டியாக அப்பும் தொல்லை பெருமளவு ஓய்ந்தது. சுடுபவர்கள் எவ்வளவு தேய்த்தும் தீராதது, ஆலையில் கலவையை மாற்றியதும் தீர்ந்தது. வெடிமருந்திலும் வழி உண்டு. பிரெஞ்சுப் பீரங்கிப் படையினர் மருந்தோடு வெள்ளீயம் சேர்த்தார்கள். அது செம்போடு கலந்து அதை நொறுங்கும் தன்மையாக்கும். அடுத்த குண்டு அதைப் பெயர்த்துத் தள்ளிவிடும். இன்றைய ரைஃபிள் மருந்துகள் சிலவற்றில் இதே வேலையை பிஸ்மத் செய்கிறது.

குழலின் உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் எந்தத் தோட்டாவும் செம்பைப் படியவிடும் என்பார்கள். சரிதான், ஆனால் அந்தக் குறையும் குழல் கடைந்தவருடையதே தவிர, சுடுபவருடையது அல்ல. மெல்லிய செம்புப் படிவு சிறு பள்ளங்களை நிரப்பிக் குறியைச் சீராக்கும் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆகவேதான் குழல் பளபளக்கும்வரை தேய்க்கும் வெறி எனக்கு ஏற்புடையதல்ல. துணி நீலமாக வருவதைக் கண்டு, செம்பு இன்னும் மிச்சமிருப்பதாக எண்ணி மேலும் மேலும் தேய்ப்பவர்கள் உண்டு. துடைப்புக் கம்பியின் பித்தளை முனைகூட அம்மோனியா பட்டால் அதே நீலத்தைக் கக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. வீணான தேய்ப்பில் குழலின் வாய்விளிம்பு தேய்ந்தால், செம்பு கெடுத்ததைவிட அதிகமாகக் குறி கெடும்.

தோட்டாப் பெட்டியில் குண்டின் எடையையும் வேகத்தையும் அச்சிடுகிறார்கள். உறையின் கலவை என்ன, மருந்தில் செம்பை நீக்கும் பொருள் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதே பெட்டியில் அச்சிட வேண்டும்.