இரண்டாவது வேலை எங்கே?

யாழ்ப்பாணத்தில் தகவல் தொழில்நுட்பம் பற்றிப் பேசும் மேடைகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் எழுகிறது: இந்த ஆண்டு எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? யாழ் ஐரி ஹப் அமைப்பு 2012 முதல் நடத்திவரும் 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டி, யாழ். பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறை, கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்கும் அதன் பொறியியல் பீடம், நகரெங்கும் பரவியுள்ள தனியார் கற்கை நிலையங்கள் எல்லாமே ஓர் இளைஞரை முதல் வேலையின் வாசல்வரை கொண்டுபோய் விடுகின்றன. போர் முடிந்த மண்ணில் இது சிறிய காரியமல்ல. ஆனால் ஓர் ஊரில் ஒரு தொழில் வேரூன்றிவிட்டதா என்பதை முதல் வேலை காட்டாது. எட்டு வருடம் ஒரு குறிப்பிட்ட துறையில் ஆழமாக இறங்கிய மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் வேலையை இழக்கும் நாளில்தான் அது தெரியவரும். குடாநாட்டை விட்டுப் போகாமல், தன் தகுதியைக் குறைத்துக்கொள்ளாமல், அவரால் இன்னொரு வேலை தேடிக்கொள்ள முடியுமா? இன்றைய நிலையில் அது மிகக் கடினம். இங்குள்ள தொழில்துறையின் மற்றக் குறைகளில் பாதி அதிலிருந்தே பிறக்கின்றன.

சிறப்புத் திறமையுள்ள தொழிலாளி, தன் திறமையைக் கேட்கும் முதலாளிகள் பலர் இருக்கும் இடத்தையே நாடிப் போவார் என்று பொருளியலாளர் அல்பிரட் மார்ஷல் 1890இலேயே எழுதினார். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. கடைக்கும் ஹோட்டலுக்கும் இணையத்தளம் செய்பவரை எந்தக் கம்பனியும் எடுக்கும். வங்கிகளின் கொடுப்பனவு அமைப்புகளை இணைப்பவரையோ, கருவிகளுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுபவரையோ, மொழிக் கணிமையில் ஊறியவரையோ எடுக்கக்கூடிய கம்பனி இங்கே ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாங்குபவர் ஒருவர்தான் என்றால் விலையைச் சொல்பவரும் அவரே. வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடத்துக்குள் இளைஞர்கள் இதைக் கண்டுகொள்கிறார்கள். ஆழமாகப் போனால் சிக்கிக்கொள்வோம் என்று தெரிந்தபின், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்து வைப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. அவரவர் கணக்கில் அது சரி. ஊருக்குத்தான் நட்டம். ஆழமான ஆட்கள் இல்லையென்று கம்பனிகள் மேலோட்டமான வேலைகளையே இங்கு அனுப்புகின்றன. அந்த வேலைகளைச் செய்து யாரும் ஆழம் காண்பதில்லை.

வடக்கை ஒரு சிலிக்கன் பள்ளத்தாக்காக்குவோம் என்பது இங்கே பழகிய முழக்கம். அந்தப் பள்ளத்தாக்கு எப்படி உருவானது என்று பார்த்தால் முழக்கத்தை வேறுவிதமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆய்வாளர் ஆனாலீ சக்சீனியன் 1994இல் வெளியிட்ட நூல் அந்தப் பள்ளத்தாக்கையும், பொஸ்டனைச் சுற்றியிருந்த 128ஆம் இலக்க வீதியின் கணினிக் கம்பனிகளையும் ஒப்பிட்டது. பொஸ்டன் பக்கம் பெரிய கம்பனிகள் தமக்குள்ளேயே முடங்கியிருந்தன. பொறியியலாளர்கள் ஒரே இடத்தில் நீண்டகாலம் இருந்தார்கள். கற்றது வெளியே போகவில்லை. கலிபோர்னியாவில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறினார்கள். அறிவும் கூடவே மாறியது. இதற்குச் சட்டமும் துணை நின்றது. விலகிப்போகும் ஊழியர் போட்டிக் கம்பனியில் சேரக்கூடாது என்ற ஒப்பந்தங்களை அந்த மாநிலம் 1872 முதலே பெரும்பாலும் செல்லாதவையாக வைத்திருக்கிறது. நம் முதலாளி ஒருவர், பயிற்சி கொடுத்த ஊழியர் போய்விடுவாரே என்று பிணை எழுதி வாங்குவாரானால், அவருடைய பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பிணையின் மேல் சிலிக்கன் பள்ளத்தாக்கு எழாது.

சமூகத்தின் பங்கையும் சொல்லத்தான் வேண்டும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது அரச வேலையைப் போற்றும் நமது பழமொழி. மலாயாவில் ரயில்வே எழுதுவினைஞராயிருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்கள் கட்டிய வீடுகளில் ஊறிய மனநிலை அது. இதை வெறும் பிற்போக்கு என்று ஒதுக்குபவர்கள் போர்க்காலத்தை மறக்கிறார்கள். அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளிலும் அரச ஊழியருக்குக் கொழும்பிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது. மற்றத் தொழில்களெல்லாம் சிதறியபோது நிலைத்தது அது ஒன்றுதான். 2017இல் வடக்கில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் இருந்து அரச நியமனம் கேட்டதற்கும், 2020இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகளை அரசு உள்வாங்கியபோது இங்கே நிம்மதி பிறந்ததற்கும் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. ஆனால் மென்பொருள் தொழிலில் இடைவெளி சகஜம். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும்வரை நான்கு மாதம் வீட்டிலிருப்பவரை, ஏதோ பிழை செய்து விலக்கப்பட்டவராகப் பார்க்கும் ஊரில், அந்த நான்கு மாதத்தில் அவர் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வார். கலியாணப் பேச்சு நடக்கும் வீடென்றால் நான்கு மாதமும் கிடைக்காது.

இணையம் இருக்கும்போது உள்ளூர்ச் சந்தை எதற்கு, கோண்டாவிலில் இருந்துகொண்டே லண்டனுக்கு வேலை செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் தூரத்து வேலைக்கு ஆள் எடுப்பவர், முகம் தெரியாதவரை யாரோ தெரிந்தவரின் சொல்லை நம்பித்தான் எடுக்கிறார். அப்படிச் சொல்லக்கூடிய பழைய சகாக்கள் பல கம்பனிகளில் பரந்திருந்தால்தான் உண்டு; அதற்கும் உள்ளூரில் வேலை மாறும் வாய்ப்பு வேண்டும். மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும், கூகுள் 2023 ஜனவரியில் 12,000 பேரையும் நீக்கப்போவதாக அறிவித்தன. அந்தக் காலத்தில் அனுபவசாலிகள் பெருந்தொகையாக வேலை தேடிச் சந்தைக்கு வந்தார்கள். எங்கிருந்தும் செய்யும் வேலைக்கு எங்கிருந்தும் போட்டி வரும். சட்டப் பாதுகாப்பும் வேறு. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் உள்ளூர் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த, 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ பெற வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும். வெளிநாட்டுக் கம்பனிக்குத் தனி ஒப்பந்தக்காரராக இருப்பவருக்கு இவை பொதுவாக எட்டுவதில்லை. ஒரு மின்னஞ்சலோடு வேலை முடிந்துவிடும். பேபால் வழியாக இலங்கைக்குள் பணம் பெற முடியாதது பழைய முறைப்பாடு. வெளிநாட்டு வேலையில் சம்பாதித்த அந்நியச் செலாவணிக்கு 2025 ஏப்ரல் முதல் 15 வீதம்வரை வருமான வரி உண்டு. வரியை நான் குறை சொல்லவில்லை. வரி வாங்கும் அரசு, அவரையும் ஒரு தொழிலாளியாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொரு மறுப்பு கனமானது. சிறப்புத் திறமையே ஆபத்தாயிற்றே, ஏன் அதைத் தேடிப் போக வேண்டும்? பிளாஷ் மென்பொருளில் வித்தகராயிருந்தவர்களின் கதி நமக்குத் தெரியும். அடோபி 2020 டிசம்பர் 31உடன் அதற்கு மூடுவிழா நடத்தியது. அதே 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தோரின் கொடுப்பனவு விண்ணப்பங்கள் குவிந்தபோது, பழைய கோபோல் மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வரவேண்டும் என்று நியூ ஜேர்சி ஆளுநர் பகிரங்கமாகக் கேட்டார். எந்தக் கருவி சாகும், எது அறுபது வருடம் வாழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே கருவியில் ஆழம் தேடுவது சூதாட்டம். சிக்கலில் ஆழம் தேடுவது அப்படியல்ல. பிளாஷோடு நின்றவர் அதோடு போனார்; திரையில் அசைவை எப்படி வடிவமைப்பது என்று கற்றவர் வேறு கருவியை எடுத்துக்கொண்டார். செயற்கை நுண்ணறிவு சாதாரணமான நிரல்களை நொடியில் எழுதித் தரும் இக்காலத்தில், 'எல்லாம் கொஞ்சம் தெரியும்' என்பதன் விலைதான் முதலில் விழும்.

அப்படியான ஆழத்துக்கு இங்கே இயல்பான இடங்களும் உண்டு. நமது அலுவலகங்களில் பல ஆவணங்கள் இன்னும் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தேடக்கூடியதாக்குவது தமிழ் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. நூலகம் நிறுவனம் 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும், எழுத்துணரி மென்பொருள் செய்பவருக்கு ஒரு சுரங்கம். இவற்றைச் செய்து தேர்ந்தவருக்கு யாழ்ப்பாணம் மட்டும் சந்தையல்ல. கொழும்பும் சென்னையும் ரொறன்ரோவும் சந்தைதான்.

கொழும்புக்குப் போனால் என்ன குறை என்று கேட்டால், போகிறவருக்கு ஒரு குறையுமில்லை. வெளிநாடு போவதுதான் முன்னளவு இலகுவல்ல. பிரித்தானியா திறன்சார் தொழிலாளர் விசாவுக்கான பொதுவான சம்பள எல்லையை 2024 ஏப்ரலில் 26,200 பவுணிலிருந்து 38,700 பவுணாக உயர்த்தியது. அடுத்த ஆண்டு இன்னும் ஏற்றியது. ஆகவே இங்கேயே இருக்கப்போகிறவர்கள் கூடுவார்கள்.

அவர்களுக்குச் செய்யக்கூடியது பெருஞ்செலவான காரியமல்ல. வேலை தேடுபவரின் திறமை அவருடைய பழைய கம்பனியின் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கக் கூடாது. வெளியே எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். இலங்கையின் தெற்கு இதை இருபது வருடத்துக்கு முன்பே செய்துகாட்டியது. அப்பாச்சி அக்சிஸ்2 போன்ற திறந்த மூல மென்பொருளில் இலங்கையர் எழுதிய நிரல்களும், 2004 சுனாமிக்குப் பின் உருவான அனர்த்த முகாமைத்துவ மென்பொருளான சஹானாவும், கூகுளின் கோடைகாலத் திறந்த மூலத் திட்டத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் உலக அளவில் முன்னணியில் நின்றதும் தனித்தனி நிகழ்வுகள் அல்ல. ஆளைத் தெரியாதவரும் அவருடைய நிரலைப் படித்துப் பார்த்து வேலைக்கு எடுக்கும் நிலையை அவை உண்டாக்கின. நமது கம்பனிகள் தம் ஊழியரின் வேலைநேரத்தில் ஒரு சிறு பங்கை இப்படியான பொதுவேலைக்கு விடலாம். பல்கலைக்கழகம் முதலாம் வருட மாணவருக்கு மட்டுமன்றி, ஏழெட்டு வருடம் வேலை செய்து துறை மாற நினைப்பவருக்கும் மாலைநேரக் கற்கைநெறிகளைத் திறக்கலாம். பட்டம் பெற்று ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் வேலையில் சேர்ந்தார்கள் என்று கேட்பவர்கள், பத்தாம் வருடத்திலும் அதே ஆட்களைத் தேடிப்பிடித்து, எத்தனை தரம் வேலை மாறினார்கள், எந்த ஊரில் மாறினார்கள், மாறியபோது சம்பளம் ஏறியதா இறங்கியதா என்று கேட்டு, அந்தக் கணக்கையும் அடுத்த போட்டி மேடையிலேயே வெளியிடட்டும்.