புது பைக்கா? குச்சியை எடுத்துப் பாருங்க!

புது பைக் வந்தாச்சு. மாலை போட்டாச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சு, 'ட்ரீட் எங்கடா?'ன்னு துரத்தின கும்பலுக்குப் பரோட்டாவும் வாங்கிக் கொடுத்தாச்சு. டேங்க்ல ஒரு கீறல் விழுந்துடக் கூடாதுன்னு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை துடைக்கறீங்க. சூப்பர்! ஆனா ஒரு கேள்வி பாஸ்... வாங்கின நாள்ல இருந்து இன்ஜின் ஆயிலை ஒரு தடவையாவது பார்த்தீங்களா?

'புது வண்டிதானே, சர்வீஸ்ல அவங்களே பார்த்துப்பாங்க' என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். சர்வீஸ்ல ஆயில் மாத்துவாங்க, சரி. ஆனா, ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவுல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இருக்கே... அதுக்கு யார் பொறுப்பு? சாட்சாத் நீங்கதான்!

ஒரு சின்ன கணக்கு. 100 சிசி, 125 சிசி பைக்குகளில் மொத்த ஆயிலே ஏறக்குறைய 1 லிட்டர்தான். ஒரு வாட்டர் பாட்டில் அளவு! பிஸ்டன், கிளட்ச், கியர் எல்லாத்துக்கும் வழவழப்பு கொடுத்து, சூட்டையும் குறைக்கிறது அந்த ஒரு பாட்டில்தான். அதுல 200 மில்லி குறைஞ்சா, அஞ்சுல ஒரு பங்கு காலி.

அப்பா காலத்து டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்ல பெட்ரோல் போடும்போதே ஆயிலையும் கலந்து ஊத்துவாங்க. அது பெட்ரோலோட சேர்ந்து எரிஞ்சு போயிடும். அடுத்த தடவை பங்க்குக்குப் போனா புது ஆயில் கிடைச்சுடும். உங்க பைக் ஃபோர்-ஸ்ட்ரோக். உள்ளே இருக்கிற ஆயிலே திரும்பத் திரும்பச் சுத்தி வரணும். குறைஞ்சா, நீங்க பார்த்து ஊத்தினாத்தான் உண்டு.

'புது வண்டியில ஏன் குறையணும்?' நியாயமான கேள்வி. பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோட உரசி உரசி, கச்சிதமா உட்காரக் கொஞ்சம் ஓட்டம் வேணும். அதுவரைக்கும் லேசா ஆயில் மேலே ஏறி எரியலாம். அந்த உரசல்ல வர்ற நுண்ணிய உலோகத் துகளும் ஆயில்லதான் கலக்கும். முதல் சர்வீஸைச் சீக்கிரமே வைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். அதைத் தள்ளிப் போடாதீங்க.

சரி, பார்ப்பது எப்படி? சமதளமான இடத்துல வண்டியை நிறுத்தி, மூணு நாலு நிமிஷம் ஐடிலிங்ல ஓட விடுங்க. ஆஃப் பண்ணிட்டு, ரெண்டு மூணு நிமிஷம் பொறுங்க. மேலே ஏறின ஆயில் கீழே இறங்கணும். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு. அது இல்லாத வண்டின்னா, நண்பனை நேராகப் பிடிச்சுக்கச் சொல்லுங்க. சைடு ஸ்டாண்டில் சாய்ஞ்சு நிற்கிற வண்டி பொய் சொல்லும்!

இன்ஜின்ல கண்ணாடி வட்டம் இருந்தா குனிஞ்சு பார்த்தாலே போதும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஆயில் நிற்கணும். டிப்ஸ்டிக், அதாவது அளவுக் குச்சின்னா, திருகி எடுத்து, துணியால சுத்தமாத் துடைச்சு, திரும்ப விட்டு எடுத்துப் பாருங்க. இங்கே ஒரு நுணுக்கம்... பல வண்டிகள்ல குச்சியைத் திருகாம, சும்மா வச்சுத்தான் அளவு பார்க்கணும். சிலதுல திருகணும். உங்க வண்டிக்கு எதுன்னு ஓனர்ஸ் மேனுவல்ல ஒரு வரி இருக்கும். சீட்டுக்கு அடியில தூங்குற அந்தப் புத்தகத்தை இதுக்காகவாவது எழுப்புங்க.

கீழ்க்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கா? மேனுவல்ல சொன்ன கிரேடு ஆயிலையே வாங்குங்க. கார் ஆயில் மிச்சம் இருக்குன்னு ஊத்திடாதீங்க. பைக்ல கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஊறிக்கிட்டு இருக்கு. வழுக்கல் அதிகமான ஆயில் பட்டா கிளட்ச் நழுவும். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' வகைன்னு இருக்கான்னு பாருங்க. ஈரக் கிளட்ச் வண்டிகளுக்கான ஜப்பானியத் தர முத்திரை அது.

புனல் வச்சு 50 மில்லி ஊத்துங்க. ஒரு நிமிஷம் பொறுத்து அளவு பாருங்க. தேவைன்னா இன்னும் 50. மேல்கோட்டைத் தாண்டவே கூடாது. 'நிறைய இருந்தா நல்லதுதானே!' கிடையாது. உள்ளே கிராங்க் கலக்கி நுரை கிளப்பும், காத்துக் குழாய் வழியா ஏர் ஃபில்டருக்கே ஆயில் போய்ச் சேரும்.

இவ்வளவு எதுக்குன்னு கேட்கறீங்களா? நம்ம ஊர் சின்ன பைக்குகள் பலவற்றில் ஆயில் குறைஞ்சா எரியிற எச்சரிக்கை விளக்கே கிடையாது. சத்தம் மாறி, இழுவை குறைஞ்சு, கடைசியில இன்ஜின் சீஸ்! ஓடும்போதே பிஸ்டன் இறுகினா பின் சக்கரமும் பூட்டிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்துல, பின்னாடி நண்பனோட... யோசிச்சுப் பாருங்க. (அப்படி இறுகுவது தெரிஞ்சா, உடனே கிளட்சைப் பிடிங்க. சக்கரம் விடுபட வாய்ப்பு இருக்கு.)

இன்னொரு விஷயம். தேதி, கிலோமீட்டர், எத்தனை மில்லி ஊத்தினீங்கன்னு செல்போன்ல குறிச்சு வைங்க. நிறுத்தின இடத்துல தரையில கறையோ, சைலன்சர்ல நீலப் புகையோ தெரிஞ்சாலும், ஊத்த ஊத்தக் குறைஞ்சாலும், டாப்-அப் பண்ணிக்கிட்டே காலம் தள்ளாதீங்க. சர்வீஸ் சென்டருக்குப் போய், ஜாப் கார்டுல எழுதச் சொல்லுங்க. 'ஆயில் குறையுதுண்ணா'ன்னு சொன்னா, 'புது வண்டி அப்படித்தான் தம்பி'ன்னு அனுப்பிடலாம். '1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லி'ன்னு கணக்கைக் காட்டினா அவ்வளவு சுலபமாத் தட்ட முடியாது. வாரன்ட்டி காலத்துல அந்தக் குறிப்புதான் உங்க பக்க சாட்சி!

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் சென்னையில எத்தனையோ வண்டிகள் வெள்ளத்துல முழுகின. முழுகின வண்டியோட ஆயில் பால் ஊத்தின டீ மாதிரி வெளுத்திருந்தா, உள்ளே தண்ணி புகுந்திருக்குன்னு அர்த்தம். ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. தள்ளிக்கிட்டே மெக்கானிக் அண்ணன்கிட்ட போங்க. கறுப்பா இருந்தா மட்டும் பதற வேண்டாம், ஓட ஓட ஆயில் கறுக்கத்தான் செய்யும்.

மாசத்துக்கு ரெண்டு தடவை, அப்புறம் பாண்டிச்சேரி, ஏற்காடுன்னு கிளம்பறதுக்கு முந்தின நாள்... இவ்வளவு போதும். டேங்கைத் துடைக்க எடுத்த துணி கையிலதானே இருக்கு? அப்படியே குச்சியையும் துடைச்சுப் பார்த்துடுங்க!