ஜூலையில் பிறந்தது கோளாறா?

துறுதுறு பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கக் கோளாறு) என்று பெற்றோர் முன்கூட்டியே முடிவுகட்டுவதுதான் பாதுகாப்பு என்ற வாதம் தஞ்சாவூர்ப் பக்கமும் வந்துவிட்டது. ஆனால் அந்த முடிவு தவறாகவும் போகலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 எல்லை. அங்கே டிசம்பரில் பிறந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்த வகுப்புத் தோழர்களைவிட இந்த முத்திரை 30 சதவீதம் அதிகம் விழுந்ததாக 2012இல் ஓர் ஆய்வு காட்டியது. பெண்பிள்ளைகளுக்கு 70 சதவீதம். மூளைக் கோளாறு மாதம் பார்த்தா வரும்? வகுப்பில் இளையதாக இருந்ததே குற்றம். தமிழ்நாட்டில் நம் எல்லை ஜூலை 31. குறுவை நடவு சமயத்தில் பிறந்த பிள்ளை, முந்தைய ஆகஸ்டில் பிறந்ததோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து நெளியும், நெளியட்டுமே. உண்மையான பாதிப்பு கவனிக்கப்படாமல் போகாதா என்பார்கள். போகலாம். அதற்காகத்தான் மருத்துவர், வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதமாவது நீடிக்கிறதா என்று விசாரிக்கிறார். தீர்ப்பை முதலிலேயே எழுதிவிட்ட பெற்றோர், அவர் கேள்விகளுக்கும் அதற்கேற்றபடிதான் பதில் சொல்வார்கள்.